வேலையை விட்டு ஊருக்குப் போகிறேன், மாதம் 25,000 போதுமா?

நீளமான கடிதம். எழுதியவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 44 வயது. ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 1,15,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 22,000. மகள் எட்டாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. தாம்பரத்தைத் தாண்டி 2015-ல் 42 லட்சத்துக்கு வாங்கிய ஃப்ளாட்டில் குடியிருக்கிறார்கள். அதற்கு 14 லட்சம் கடன் பாக்கி, தவணை 21,000. சொந்த ஊர் பேராவூரணி பக்கம். அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு 71 வயது, ஊரில் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டை ஒட்டி இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. திருமணமான ஒரு தங்கை திருச்சியில்.

இரண்டு வருடமாக இவர் எளிமை வாழ்க்கை பற்றிய வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார். வீட்டில் இருந்த பொருட்களில் பாதிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது: கட்டில், டிவி, பீரோவில் ஒன்று, வாஷிங் மெஷின். அடுத்து வேலையையும் விடப் போகிறார். ஃப்ளாட் 65 லட்சத்துக்குப் போகும், கடன் அடைத்தால் 51. பி.எஃப். 33, வங்கி வைப்பு 12, மியூச்சுவல் ஃபண்ட் 9. ஆக ஒரு கோடியே 5 லட்சம். மனைவியின் 45 பவுனை விற்று ஊர் வீட்டைச் சீர்செய்வது. மூன்று எல்.ஐ.சி. பாலிசிகளையும் சரண்டர் செய்வது. மருத்துவக் காப்பீடு வேண்டாம், "இயற்கையோடு வாழ்ந்தால் நோய் வராது, வந்தாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது." மகளை ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும் கிடைக்கும். "ஒரு கோடிக்கு 7 சதவீதம் என்றாலும் மாதம் 58,000 வட்டி. எங்கள் தேவை 25,000. மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, போகப் போகப் புரிந்துகொள்வாள். என் கணக்கில் தப்பு இருக்கிறதா?"

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ஆசையில் தப்பு ஏதும் இல்லை. தவணைக்காகவே வேலைக்குப் போகிறவர்களை தினமும் பார்க்கிறேன். அதிலிருந்து இறங்க நினைப்பது நல்ல விஷயம். ஃப்ளாட்டை விற்கும் முடிவும் எனக்குச் சரியாகவே படுகிறது. 65 லட்ச ரூபாய் ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டால் அந்தப் பக்கம் பதினைந்தாயிரம் வந்தால் பெரிது. ஊருக்குப் போய்விட்டு, சென்னையில் வாடகைக்காரரோடும் அசோசியேஷனோடும் போனில் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

வட்டிக் கணக்கும் முழுக்கத் தப்பில்லை. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறும், பணத்துக்கு 7 சதவீதம் வரும் என்று வைத்தே போட்டுப் பார்த்தேன். மாதம் 25,000-தான் செலவென்றால், அது பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போனாலும், உங்கள் பணம் 85 வயது வரை வரும். தப்பு இருப்பது அந்த 25,000 என்ற எண்ணில். அதோடு, எளிமை என்ற பெயரில் நீங்கள் வெட்டப் போவதில் பெரும்பகுதி செலவே இல்லை, குடும்பத்தின் பாதுகாப்பு.

25,000-ல் விட்டுப்போன செலவுகள்

நீங்கள் அனுப்பிய பட்டியல் இது: மளிகை, காய்கறி 9,000. பால் 2,000. பள்ளி 4,000. மின்சாரம், கேஸ், போன் 2,500. பெட்ரோல் 2,000. அம்மாவின் மருந்து 1,500. இதர 4,000. இதில் ஒரு சொல்லைத் தேடினேன், காணவில்லை. மொய்.

பேராவூரணிக்காரரிடம் நான் இதைச் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான். ஆடி பிறந்தால் உங்கள் பக்கம், மொய் வாங்குவதற்கென்றே வைக்கும் மொய் விருந்துகளின் பத்திரிகைகள் வீட்டில் எத்தனை சேரும்? அப்பா 2017-ல் மொய் விருந்து வைத்ததாகக் கடிதத்தில் ஒரு வரி வருகிறது. அன்று யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற நோட்டு அம்மாவிடம் இருக்கும். அதை வாங்கி, திருப்பிச் செய்தது எது, செய்யாதது எது என்று ஒரு மாலை உட்கார்ந்து குறியுங்கள். செய்யாதது எல்லாமே கடன். வாங்கியதை மட்டும் திருப்பினால் ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், கொஞ்சம் சேர்த்துத்தான் எழுத வேண்டும். இப்போது சென்னையிலிருந்து போனிலேயே 1,001 அனுப்பிவிட்டு, "லீவு கிடைக்கல மாமா" என்று தப்பிக்கிறீர்கள். ஊரிலேயே இருப்பவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை, கருமாதி, கோயில் வரி, தங்கைக்குப் பொங்கல் சீர். பொருட்களைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. உறவைக் குறைத்துக்கொண்டு கிராமத்தில் வாழ முடியாது, அதற்குச் சென்னைதான் வசதி.

மொய்க்கும் விசேஷங்களுக்கும் சராசரியாக மாதம் 4,000 வையுங்கள். மருத்துவக் காப்பீடு, டேர்ம் காப்பீடு (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) இரண்டுக்கும் 5,000. வீட்டுப் பராமரிப்பு, மோட்டார் ரிப்பேர் 2,000. துணிமணி, பண்டிகை 2,000. காப்பீட்டில் வராத வைத்தியச் செலவு 2,000. கூட்டினால் மாதம் 40,000. இதில் ஆடம்பரம் என்று எதையும் நான் சேர்க்கவில்லை.

இந்த 40,000-க்கு அதே கணக்கைப் போட்டால் பணம் உங்கள் 68 வயதில் தீர்கிறது. பிள்ளைகளின் கல்லூரிக்கென்று இன்றே 25 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்தால் 62-லேயே தீர்ந்துவிடும். உங்கள் அம்மாவுக்கே இப்போது 71 என்பதை நினைத்துப் பாருங்கள்.

தொகையிலும் சின்னத் திருத்தம் உண்டு. நீங்கள் சொன்ன 33 லட்சத்தில், பி.எஃப். பாஸ்புக்கின் கடைசிப் பத்தியில் இருக்கும் பென்ஷன் பங்கு சுமார் 2 லட்சத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். பலரும் செய்வதுதான். பத்து வருட சர்வீஸ் தாண்டியவர்கள் அந்தப் பங்கை மொத்தமாக எடுக்க முடியாது, 58 வயதில் மாத பென்ஷனாகத்தான் வரும். உங்கள் 19 வருடத்துக்கு அது மூவாயிரத்தை ஒட்டி இருக்கும். 50 வயதிலேயே கேட்டு வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள். வேலையை விடும்போது, இந்தப் பென்ஷனுக்கான சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட்டை வாங்கி பத்திரப்படுத்துங்கள். ஆக, நான் மேலே போட்ட கணக்கெல்லாம் ஒரு கோடியே 3 லட்சத்துக்கு.

நீங்கள் மறந்த வரவு ஒன்றும் இருக்கிறது: கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. இந்தக் கம்பெனியில் 11 வருடம், அடிப்படைச் சம்பளம் 52,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 30,000. பதினொரு வருடத்துக்கு 3,30,000, வரியில்லாமல். இதைத் தொடாமல் அவசரத் தேவைக்கு வையுங்கள்.

தோப்பு யாருடையது?

தோப்பில் வருடம் 4 லட்சம் வரும், அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்று தைரியமாக எழுதியிருக்கிறீர்கள். 140 மரம், மரத்துக்கு 120 காய், காய் 25 ரூபாய். உங்கள் தோப்பு 2018 நவம்பரில் கஜா புயலில் விழுந்து, மறு வருடம் நட்டது. நெட்டை ரகம் காய்ப்புக்கு வரவே ஆறேழு வருடம் ஆகும். முழுக் காய்ப்புக்கு இன்னும் சில வருடம் போக வேண்டும். நீங்கள் போட்ட விலை 2025-ல் தேங்காய் உச்சத்தில் இருந்தபோது கிடைத்தது. 2023-ல் விலை படுத்து, ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் போராடியதை மறந்துவிட வேண்டாம். மரத்துக்கு 70 காய், காய் 12 ரூபாய் என்று வைத்தால் வருடம் 1,17,600. மரம் ஏறக் கூலி, உரம், உழவு, வெள்ளை ஈ அடித்தால் அதற்கான செலவு எல்லாம் போனால் பாதி மிஞ்சினால் நல்லது.

அந்தப் பாதியும் முழுக்க உங்களுடையது இல்லை. இதுதான் கடிதத்திலேயே பெரிய ஓட்டை. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது, உயில் இல்லை, "தங்கைக்கு நகை, சீர் எல்லாம் செய்தாகிவிட்டது, அவள் கேட்க மாட்டாள்" என்கிறீர்கள். நிலம் அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால் அம்மா, நீங்கள், தங்கை மூவரும் சம வாரிசுகள். பூர்வீகச் சொத்து என்றாலும் 2005-ல் திருத்திய இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதிசெய்துவிட்டது. கல்யாணத்துக்குச் செய்த சீர், பங்கைக் கழித்துக்கொடுத்ததாக ஆகாது. தங்கை வாயால் வேண்டாம் என்று சொல்வதும் போதாது. அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம், இல்லையென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம். வாரிசுச் சான்றிதழ், பத்திரம், பட்டா மாறுதல் என்று மூன்றும் முடியாமல் அந்த ஓட்டு வீட்டில் ஒரு மூட்டை சிமென்ட்கூடக் கொட்டாதீர்கள். அம்மாவுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளுவதும் வேண்டாம்.

அந்த 45 பவுன்

"சும்மா லாக்கரில் கிடக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். கிடக்கட்டும். பெண்ணுக்குத் திருமணத்தில் பிறந்த வீட்டார் போட்ட நகை அவருடைய சீதனம். அவருக்கு மட்டுமே சொந்தம், கணவருக்கு அதில் பங்கு இல்லை. அவரே மனதார எடுத்துக் கொடுத்தால் வேறு பேச்சு. நீங்கள் உங்கள் சொத்துப் பட்டியலில் அதை எழுதியதே தப்பு. அதுவும், தங்கையும் அம்மாவும் பங்குதாரர்களாக இருக்கும் வீட்டைக் கட்ட மனைவியின் நகையை விற்பது என்றால், நாளை ஏதாவது ஒன்று ஆனால் அவர் கையில் என்ன இருக்கும்?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். வாஷிங் மெஷினை வாட்ச்மேன் குடும்பத்துக்குக் கொடுத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதன்பிறகு நான்கு பேர் துணியை யார் துவைக்கிறார்கள் என்று எழுதவில்லை. காலையில் பள்ளிக்கு ஓடி, மாலையில் விடைத்தாள் கட்டோடு திரும்புகிற அவர்தான் என்று ஊகிக்கிறேன். பொருள் போய் உழைப்பு கூடினால், எளிமை ஒருவருக்கு, சுமை இன்னொருவருக்கு என்றாகிவிடுகிறது. ஊரில் விறகடுப்பு, கிணற்றடி என்று நீங்கள் வரைந்திருக்கும் படத்தில் அவர் எங்கே நிற்கிறார்? என்னிடம் வரும் தம்பதிகளில், பணக் கணக்கு சரியாக இருந்தும் இந்த இடத்தில்தான் திட்டம் உடைந்து ஒரே வருடத்தில் சென்னைக்குத் திரும்புகிறார்கள். போகப் போகப் புரிந்துகொள்வார் என்பதை விடுங்கள். அவர் என்ன நிபந்தனை சொல்கிறார் என்று எழுதி வாங்குங்கள். வேலைக்குப் போவது அவருக்கு வேண்டும் என்றால் பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கப் பள்ளிகளில் இடம் கிடைத்த பிறகே கிளம்ப வேண்டும்.

காப்பீடும் பி.எஃப்.பும்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். உங்கள் வட்டி வருமானமே ஏழு லட்சம் வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு அந்த அட்டை எப்படி உதவும்? கம்பெனி கொடுக்கும் குரூப் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். உங்களுக்கு இரண்டு வருடமாக ரத்த அழுத்த மாத்திரை ஓடுகிறது. புதிதாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் வேலையில் இருக்கும்போதே நால்வருக்கும் சேர்த்து ஒரு பாலிசியை எடுத்துவிடுங்கள், மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்த 18 சதவீதம் மிச்சம். டேர்ம் காப்பீட்டையும் இப்போதே எடுங்கள். சம்பளச் சீட்டு இல்லாதவருக்குப் பெரிய தொகைக்கு பாலிசி கிடைப்பது கஷ்டம்.

எல்.ஐ.சி. பாலிசிகளைப் பற்றி எனக்குப் பெரிய பாசம் இல்லை, வருடம் 62,000 கட்டி அவை தரும் காப்பீடு சொற்பம். ஆனாலும் மூன்றையும் ஒரே நாளில் சரண்டர் செய்ய ஓடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் சரண்டர் தொகை எவ்வளவு, பிரீமியம் கட்டுவதை நிறுத்தி பெய்ட்-அப் ஆக்கினால் முதிர்வில் எவ்வளவு என்று கிளையில் எழுதி வாங்குங்கள். முடியப் போகிற பாலிசியை விட்டுவைப்பதே பெரும்பாலும் லாபம். டேர்ம் பாலிசி கையில் வந்த பிறகு இதெல்லாம்.

பி.எஃப். பணத்தை வேலையை விட்டதும் எடுத்தே தீர வேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். எடுக்காமல் விட்டால் உங்கள் வயதுக்காரருக்கு 58 வரை வட்டி சேரும். 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள், வங்கியில் அது கிடைக்காது. வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு, அதைக் கழித்தாலும் நல்லதுதான். ஆகவே கடைசியாகத் தொட வேண்டிய பணம் இது. முதல் சில வருடச் செலவுக்கு ஃப்ளாட் பணம். அதில் 15 லட்சத்தை இருவர் பெயரிலும் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால், 2023 ஏப்ரல் முதல் இருந்துவரும் 7.4 சதவீதப்படி மாதம் 9,250 வரும். வங்கி வைப்பு 12 லட்சத்தையும் அரை சதவீதம் அதிகம் என்று ஒரே கூட்டுறவு வங்கியில் வைத்திருக்கிறீர்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. பிரித்துப் போடுங்கள். ஃப்ளாட் விற்றால் ஆறேழு லட்சம் வரி போகும் என்று பயந்திருக்கிறீர்கள், அவ்வளவு வராது. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடு என்பதால், லாபத்தில் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், கழிக்காமல் 12.5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான். உங்களுக்கு முதல் வழியில் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும் என்றே தெரிகிறது. ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபாருங்கள்.

மகளின் 7.5 சதவீத ஒதுக்கீடு: அது ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்த பெண்ணுக்கு வராது. கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறிலிருந்தே அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். மகனுக்கு அந்த 7.5 சதவீத வாய்ப்பு இருக்கிறது, ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் போதும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

நானாக இருந்தால் மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை, ஏறத்தாழ முப்பது மாதம், வேலையை விட மாட்டேன். அந்தக் காலத்தை வீணாகக் கழிக்கவும் மாட்டேன். இருவர் சம்பளமும் சேர்ந்து 1,37,000. தவணை 21,000 போக மாதம் 50,000-க்குள் குடும்பத்தை ஓட்டிப் பாருங்கள், சென்னையிலேயே. மிச்சம் 66,000. முப்பது மாதத்தில் ஏறத்தாழ 20 லட்சம், வட்டி சேர்த்தால் பிள்ளைகளின் கல்லூரிப் பணம் பெருமளவு தயார். அந்த 50,000-க்குள் ஓட்ட முடியாவிட்டால் ஊரில் 40,000-க்குள்ளும் முடியாது. அதை வேலை கையில் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பிறகு ஊருக்குப் போனாலும் முழு ஓய்வு என்று நினைக்க வேண்டாம். மனைவியின் பள்ளிச் சம்பளமோ, சிறு தொழிற்சாலைகளுக்குத் தர ஆய்வு செய்து கொடுக்கும் உங்கள் பகுதிநேர வேலையோ, மாதம் 15,000 வந்தால் போதும். 40,000 செலவில் சேமிப்பிலிருந்து எடுப்பது 25,000 ஆகிவிடும். உங்கள் முதல் கணக்கு அப்போது நிற்கும். அறுபது வயது வரையாவது அந்த வருமானம் இருக்கட்டும்.

ராஜினாமாக் கடிதம் ரெடியாக இருக்கிறது, வரும் ஒன்றாம் தேதி கொடுக்கப் போகிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக அன்றைக்கு லீவு போட்டு மனைவியோடு திருச்சிக்குப் போய், தங்கையிடம் தோப்பைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். அடுத்த கடிதம் எழுதினால் அதில் பாதியை உங்கள் மனைவி எழுதட்டும்.